ஆறு முட்டைத் தண்ணீர்

1

இந்தக் கதை ஆறு கோழி முட்டைகளிலிருந்து வந்தது. கற்பனை என்று பெருமையடித்துக்கொள்ள இதில் அதிகம் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பண்டைய எபிரேயர்களின் நீர்ம அளவுகளில் லோக் என்பது…' பாடப்புத்தக வாடை அடித்தது, விட்டுவிட்டேன். அடுத்து: 'அவளுக்குத் தாகம் எடுத்தது.' இது பொய். தாகம் எடுத்தது அவள் கணவனுக்கு.

மூன்றாவது தொடக்கம் தேறும் போலிருக்கிறது.

2

மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி சமையலறையில் நின்று, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். வழிந்த தண்ணீரை அடியில் வைத்த தட்டு வாங்கிக்கொண்டது.

பழங்காலச் சமையல் பற்றிய ஒரு புத்தகத்துக்கு அவள் அளவு அட்டவணை செய்துகொண்டிருந்தாள். நாலு லோக் ஒரு கப்.* பன்னிரண்டு லோக் ஒரு ஹீன். எழுபத்திரண்டு லோக் ஒரு பாத். ஆக, லோக் பிடிபட்டால் எல்லாம் பிடிபட்டுவிடும். லோக் என்பது ஆறு முட்டைகள் வெளியே தள்ளும் தண்ணீர் என்று பழைய உரைகாரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கோழி, எவ்வளவு பெரிய முட்டை என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

(* நம் காபிக் கப் அல்ல. இதை நம்பிக் காபி போட்டால் நாலு பேர் குடிக்கலாம்.)

தட்டில் வழிந்ததைக் கணவனின் எவர்சில்வர் டம்ளரால் அளந்தாள். இரண்டு டம்ளர் நிறைந்து கொஞ்சம் மிஞ்சியது. டம்ளர் இருநூறு மில்லி. பதிப்பாசிரியருக்குப் போன் போட்டாள்.

"நானூறுக்கு மேல வருது தம்பி."

"நான் பார்த்த ரெண்டு புத்தகத்துலயும் முன்னூறு சொச்சம்தான்க்கா போட்டிருக்கு. வாத்து முட்டை வாங்கிட்டீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இருமல் மருந்தின் மூடியை எடுத்தாள். பத்து மில்லி மூடி. அதைக்கொண்டு டம்ளரை நிரப்பினாள். பதினாறாவது மூடியிலேயே தளும்பிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். பதினாறுதான்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

3

இங்கே கணவனை உள்ளே கொண்டுவர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நல்ல பிள்ளையாட்டம் முகத்தை வைத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

(அவன் நான்தான். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.)

என் இதயம் களைத்துப்போய் ஏழு மாதமாகிறது. குடிப்பதெல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டம்ளரின் அடியில் 200 என்று பொறித்திருந்தது. அது கம்பெனிக்காரன் போட்ட மாடல் நம்பர் என்று யாருக்குத் தெரியும்? ஊருக்கெல்லாம் அளவு மாற்றிக் கொடுக்கிறவள் அதை நம்பி, ஐந்து டம்ளர் என்று வகுத்தாள். அந்த ஏழு மாதத்தில் ஒருநாள்கூட என் கண்ணெதிரே அவள் தண்ணீர் குடித்ததில்லை.

டம்ளரோடு அறைக்குள் வந்தாள்.

"தினமும் இருநூறு மில்லி குறைச்சே குடுத்திருக்கேங்க. ஏழு மாசமா."

"அதனால என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல."

"நாக்கு ஒட்டுதுன்னு கேட்டீங்க. கணக்கு முடிஞ்சுதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன்."

அவள் அழுதாள். நான் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

4

முடிவுகளைப் பார்ப்போம்.

அ) அவன் அவள் கண்ணைத் துடைக்கிறான். அவள் அட்டவணையை அனுப்புகிறாள். சுபம். (இப்படி முடித்தால் நான் அயோக்கியன்.)

ஆ) மருத்துவர் தொலைபேசியில் சிரித்து, "பரவாயில்லம்மா" என்கிறார். (அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.)

இ) உண்மையில், தினமும் காலையில் பல் துலக்கும்போது அவன்

இந்த வாக்கியத்தை நாலு தடவை பாதியில் விட்டேன். முடித்துவிடுகிறேன். பல் துலக்கும்போது அவன் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுவான். பிரஷ் வைத்திருக்கும் அந்த டம்ளர் இதற்கு ஜோடி. அதுவும் நூற்றறுபது.

கூட்டிப் பாருங்கள். அவள் கொடுத்தது எண்ணூறு, நான் திருடியது நூற்றறுபது. ஒரு லிட்டருக்குள் அடக்கம். எடை ஏறவில்லை, கால் வீங்கவில்லை. "அளவு பிசகாம பாத்துக்கிறீங்கம்மா" என்று மருத்துவர் அவளைப் பாராட்டியபோது நானும் தலையாட்டினேன். டம்ளர் இருநூறாகவே இருந்திருந்தால் என் திருட்டு என்னை எங்கே படுக்க வைத்திருக்குமோ. அவள் பிழை என்னைக் காப்பாற்றியது. பிழையில்லாத மற்ற எல்லாமும்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், பாதி வழியில் கதையாகிவிட்டது.

5

லோக்: முன்னூற்று முப்பது மில்லி. அட்டவணை போய்ச் சேர்ந்தது. இன்றிலிருந்து எனக்கு ஆறேகால் டம்ளர். ஒரு லிட்டர் முழுசாக வந்துவிடும். இனிக் காலையில் குழாயடியில் ஒரு வாய் விழுங்கினாலும் அது கணக்குக்கு மேல். அவளோ இன்னும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். "ஏழு மாசம்" என்று பாத்திரம் கழுவும்போதும் முணுமுணுக்கிறாள்.

முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது இந்த வகைக் கதைகளின் வழக்கம். நானும் கொடுக்கிறேன். ஆனால் எல்லா வாசகருக்கும் அல்ல. நான் எழுதும் எதையும் முதலில் படித்துத் திருத்துகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

முட்டை அளந்தவளே, நாலாம் பகுதியைப் படித்திருப்பாய். கீழே இடம் விட்டிருக்கிறேன். சிவப்புப் பேனா ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. பிரஷ் டம்ளரைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.