மூன்றாவது நகர்வில் குதிரை

எங்கள் துறைமுக அலுவலகச் சதுரங்க அணியில் ஓர் இடம்தான் மிச்சம். மட்டக்களப்புப் போட்டிக்குப் போவது நானா, சுகிர்தனா? சரக்குப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரன் அவன். மத்தியான இடைவேளையில் என்னைத் தோற்கடித்துவிட்டு, "யசோதரா, நீங்கள் பேசாமல் கரம் விளையாடுங்கோ" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் விட்டேனா? யூடியூப்பில் பார்த்த தொடக்க முறைகள், ஓப்பனிங்கெல்லாம், வாரத்துக்கு ஒன்றாக ஆடினேன். சிசிலியன், பிரெஞ்சு, இன்னும் என்னவெல்லாமோ. ஐந்தாவது நகர்வு தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித்தான். சீ, போதும் என்று லண்டன் முறை ஒன்றையே பிடித்துக்கொண்டேன். முதலில் ராணிக்கு முன்னுள்ள சிப்பாய், அடுத்தது பிஷப் வெளியே. "சோம்பேறியளின்ர ஓப்பனிங்" என்று சுகிர்தன் சிரித்தான்.

சிரிக்கட்டும். ஒன்றையே மாதக்கணக்காக ஆடியதில் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நான் லண்டன் வைத்தால் அவன் பலகையையே பார்ப்பதில்லை. ஒரு கையில் மீன் பணிஸ், மறுகையால் அதே வரிசை: சிப்பாய், ஒரு குதிரை, பிறகு அடுத்த குதிரை ராணிக்கு முன்னால். அந்த வரிசையை உடைக்க என்ன வழி என்று வீட்டில் இருந்து தேடினேன்.

தெரிவு ஆட்டத்தன்று அலுவலகமே சுற்றி நின்றது. முதல் இரண்டு நகர்வும் வழமை போலத்தான். மூன்றாவதில், வழக்கமாக நகர்த்தும் சிப்பாய்க்குப் பதிலாகக் குதிரையை இறக்கினேன். அவன் பணிசைக் கடித்தபடி தன் இரண்டாவது குதிரையை ராணிக்கு முன்னால் வைத்தான். ஐயோ, நான் காத்திருந்ததும் அதுக்குத்தான்!

என் குதிரை மீண்டும் பாய்ந்தது. அடுத்த பாய்ச்சலில் ராசாவுக்குச் செக், மூலையில் நிற்கும் கோட்டைக்கும் குறி. ராணியால் குதிரையை வெட்டினால் என் பிஷப் ராணியை எடுத்துவிடும். தடுத்திருக்க வேண்டிய குதிரையைத்தான் அவன் பழக்கத்தில் வேறு இடத்தில் நிறுத்திவிட்டானே! மெல்லுவதை நிறுத்தி அவன் ஏதோ ஒரு சிப்பாயைத் தள்ளினான். நான் செக் சொன்னேன். கோட்டை போனது. அதன்பிறகு இழுத்து இழுத்து ஆடிப் பார்த்து, ஏலாமல் ராசாவைச் சாய்த்தான்.

"யசோதராதான் மட்டக்களப்புக்கு!" விளையாட்டுச் செயலாளர் நிப்லா கத்தினாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தும்விட்டேன்.

சுகிர்தன் பலகையைப் பார்த்தபடியே கேட்டான்: "எந்த வீடியோவில பார்த்துப் பழகினீங்கள்?"

"வீடியோ கனக்கப் பார்த்தனான். ஆனால் இதை உங்கட கையைப் பார்த்துத்தான் பழகினனான்."