வயித்து மேலதான் வெப்பாங்க

பச்சை அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலாயுதம் ஸ்கேன் அறையிலிருந்து பாய்ந்து வெளியே வந்தார். பின்னாலேயே வார்டு பாய், "நில்லி அண்ணா, நில்லி!" என்று கன்னடத்தில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். பெஞ்சில் காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்ற வேட்டிய எடுத்துட்டு வா அம்மிணி! ஊருக்குப் போலாம்!"

மகள் ஜீவிதா எழுந்தாள்.

"குழாய்க்கு ரப்பர் உறை மாட்டறான். அதுமேல கொழகொழன்னு எதையோ தடவறான். எதுக்குடான்னா, ஒருக்களிச்சு முட்டிய மடக்கிப் படுங்கறான். த்தூ! மனுசன் பண்ற வேலையா இது?"

அவள் பையிலிருந்து வேட்டியை எடுத்து நீட்டினாள்.

கர்நாடக எல்லையோரம் அனூரில் மஞ்சள் விளைவிக்கிற அவருக்குச் சந்தைக் கன்னடம்தான் தெரியும். இங்கிலீஷ் கலந்த டாக்டர் கன்னடம் பிடிபடாது. அதற்காகத்தான் இங்கே மைசூரிலேயே ஆட்டோ ஓட்டும் அவர் தம்பி சுரேந்தரைக் காலையில் கூட்டிவந்தார்கள். ஒன்னுக்குப் போகிற இடத்தைப் பற்றி டாக்டர் விஜய்குமார் பேச ஆரம்பித்ததுமே சித்தப்பாவின் மூஞ்சி சுருங்கியது. "கருமம், அண்ணன்கிட்ட போய் இதயெல்லாம் சொல்லிக்கிட்டு. நீ பியூசி படிக்கறயல்ல, கேட்டுச் சொல்லு" என்று கீழே பீடாக் கடைக்கு நழுவிவிட்டார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற சுரப்பியைப் பின்வழியாகக் குழாய் விட்டுத்தான் கிட்டத்தில் பார்க்க முடியும். ரத்தம் ஓடுவது திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். எங்கே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக மொய்க்கின்றனவோ அங்கே புற்று இருக்கலாம். அங்கே குறிபார்த்து ஊசியில் சதை எடுக்க வேண்டும். "அப்பாவுக்கு எல்லாத்தையும் சொல்லிரும்மா" என்றார்.

ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போகிறவர். அந்த வீட்டில் இடுப்புக்குக் கீழே எதற்கும் பேர் கிடையாது.

"வயித்து மேலதான் வெப்பாங்கப்பா. ரத்தம் ஓடறது டிவியில தெரியுமாம்."

அவர் நம்பித் தலையாட்டினார்.

இப்போது சித்தப்பா கடைவாயில் பீடாச் சாறு வழிய மாடியேறி வந்தார். "என்னண்ணா, அதுக்குள்ள பிரசவம் ஆயிருச்சா?"

அந்தச் சிவப்பு வாயைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, பொய் சொன்ன தன் நாக்கே வாய்க்குள் அழுகிய பண்டம்போலக் கிடந்தது.

டாக்டர் கதவருகே வந்தார். "ரத்த டெஸ்ட் நல்லா இல்லம்மா. இன்னிக்கு விட்டுட்டுப் போனா இவரு திரும்பி வரமாட்டாரு. அப்புறம் பரவிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." குரலைத் தாழ்த்தினார். "நீனு ஹேளலில்வா?"

நீ சொல்லலையா. அதைப் புரிந்துகொள்ளச் சந்தைக் கன்னடமே போதும்.

வேலாயுதம் மெல்ல மகள் பக்கம் திரும்பினார். நீட்டிய வேட்டியை வாங்கவில்லை. உள்ளேயும் போகவில்லை.

"தெரிஞ்சேதான் அனுப்புனயா அம்மிணி?"

அவள் வேட்டியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"செரி. எல்லாந் தெரிஞ்சவ நீ. நீயே சொல்லு. நான் உள்ள போயிட்டு வந்தா, நாளைக்கு எனக்குச் சோறு போடறப்ப என்ற மூஞ்சிய எப்படிப் பாப்ப?"