சாக்பீஸ் வட்டம்

சார் அனுப்பிய பட்டியலில் பதினோரு சாமான்கள் இருந்தன. ஏழாவது, நீர்புகாப் பை. பக்கத்திலேயே எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்றும் போட்டிருந்தார். அந்தக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று விலைச்சீட்டைப் படித்துவிட்டு, நேரே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நடைபாதையில் கடை விரித்திருந்தவரிடம் போனேன். ஒரே ஆரஞ்சு நிறத்தில் மூன்று நீர்புகாப் பைகள், கூடவே துணிமணி திணிக்க நான்கு மெல்லிய சுருக்குப் பைகள். ஏழையும் சேர்த்துக் கையில் வைத்தால் ஒரு மாம்பழக் கனம் கூட இல்லை.

இதெல்லாம் மலையேறுகிறவர்கள் ஜம்பத்துக்கு வாங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவர்கள் விடுமுறைக்கு மலையேறப் போனார்கள். நான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். இப்போது ஓடைக் கணக்கெடுப்புக் குழுவில் தற்காலிக வேலை, சார்தான் குழுத் தலைவர். மூன்று நாள் ஓடையோரம் நடந்து நீரின் ஆழம், வேகம், கலங்கல் எல்லாவற்றையும் தாளில் பென்சிலால் குறிக்க வேண்டும். தாள்களுக்குப் பொறுப்பு நான். போன முறை பொறுப்பாக இருந்தவன் தாளை நனைத்துவிட்டான். இந்த முறை அவன் இல்லை. சார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பைகளை அக்காவிடம் காட்டினேன். என்னைவிட இரண்டு வயது பெரியவள். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், நான் படிக்கட்டும் என்று. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு ஊர்மேல் எல்லாம் கோபம். அங்கே அவள் தையல் சரிபார்க்கிறவள். பையில் காற்றை ஊதி, வாயை மூன்று மடிப்பு மடித்துக் கொக்கியைப் பூட்டி, தையலைக் கன்னத்தின் மேல் வைத்து அழுத்துவாள். காது ஏமாற்றும், கன்னம் ஏமாற்றாது என்பாள். அன்று சமையலறையில் அப்படியே மூன்றையும் அழுத்திப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து இரண்டில் வட்டமும் ஒன்றில் பெருக்கல் குறியும் போட்டாள்.

"இது பை இல்லடி டிகிரி, சல்லடை. இதுல தாள் வைக்காத."

படித்தவள் என்பதால் அவளுக்கு நான் டிகிரிதான். சரி என்றேன். கிளம்புகிற காலையில் என்ன செய்தேன் என்றால், ஈரத்துணியால் மூன்று குறிகளையும் துடைத்துவிட்டேன். தொழிற்சாலைச் சாக்பீஸோடு போய் அந்தக் குழுவின் முன்னால் பையைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. எது எது என்று ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். சுருட்டி உள்ளே போட்டதும் மூன்றும் மூன்று ஆரஞ்சுப் பழம்.

முதல் இரண்டு நாள் வெயில். தாள்கள் காவல் குடிசையில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. என் சுருக்குப் பைகளைப் பார்த்து மீன்காரர் பொறாமைப்பட்டார். ஓடை மீன்களை எண்ணுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் ஒரு சாக்ஸைத் தேட முழுப் பையையும் தரையில் கொட்டுவார். நான் நீலப் பையில் கைவிட்டு எடுத்துவிடுவேன். ராத்திரி சட்டையெல்லாம் அடைத்த பச்சைப் பைதான் எனக்குத் தலையணை. இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு சுகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை மேலே எங்கேயோ மழை. திரும்புகிற வழியில் ஓடையைக் கடக்க வேண்டும். முந்தாநாள் முழங்காலுக்கு ஓடிய தண்ணீர் இடுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. படமெடுத்து வைக்கலாம் என்றால் எல்லார் போனும் முதல் நாளே சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. இருப்பது அந்த அறுபது தாள்தான். சார் கையை நீட்டினார்.

"குடும்மா. என் பைக்கு மழைக்கவர் இருக்கு."

"மழைக்கவர் மேலேர்ந்து வர்ற தண்ணிக்கு சார். விழுந்தா அதுவே வாளி மாதிரி புடிச்சு வச்சுக்கும்."

மீன்காரர் இருமினார்.  அப்படியானால் நீயே கொண்டுவா, ஆனால் நனைந்தால் என்னிடம் வராதே என்கிற அர்த்தத்தில் சார் ஏதோ சொன்னார். அந்த நடைபாதைப் பை ஓடையில் நிற்குமா என்றும் கேட்டார். நிற்கும் என்றேன். எது நிற்கும் என்று எனக்கே தெரியாது.

வேறு வழியில்லை. பாறையில் உட்கார்ந்து மூன்று பைகளையும் எடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒன்றை ஊதி, மூன்று மடிப்பு மடித்து, பூட்டி, கன்னத்தில் வைத்து அழுத்தினேன். குழு முழுவதும் நின்று வேடிக்கை பார்த்தது. குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஓடையின் இரைச்சலில் காது ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் பை கம்மென்று இருந்தது. தையல் முழுக்கச் சுற்றி வந்தேன், ஒன்றும் இல்லை. இரண்டாவதில் அடி மூலைக்கு வந்தபோது, கண்ணிமைக்குக் கீழே நூல் மாதிரி ஒரு சில்லிப்பு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே இடம், அதே நூல். மூன்றாவது, முதலாவதைப் போலவே கம்மென்று இருந்தது.

தாள்களோடு செத்த போனையும் முதல் பையில் வைத்து, அதை மூன்றாவதுக்குள் வைத்துப் பூட்டினேன். பச்சை, நீலம் எல்லாவற்றையும், என் கடைசி உலர்ந்த சட்டை உட்பட, சல்லடைக்குள் திணித்தேன்.

நடு ஓடையில் கால் வழுக்கியது. சார் விழுந்திருந்தால் கதை எனக்கு இன்னும் பிடித்திருக்கும். ஆனால் விழுந்தது நான்தான். தலை, பை, எல்லாம் உள்ளே போய்விட்டது. மீன்காரர் பை வாரைப் பிடித்துத் தூக்கினார். மீன் எண்ணுகிற கை, நன்றாகத்தான் பிடித்தது.

கரையேறியதும் மூட்டையிலிருந்து பையை எடுத்தேன். மணல் புகுந்து கொக்கி கழல மாட்டேன் என்றது. வெளிப் பை, உள் பை, கோப்பு. சார் மண்டியிட்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். அறுபதாவதையும் பார்த்துவிட்டு, கடைசித் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மொடமொடவென்று இருந்தது.

"அந்தக் கடை எங்கம்மா இருக்கு?" என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தரையில் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த பயணம் எந்த வாரம், எந்த ஓடை என்று பேச ஆரம்பித்தார். நடுவில் இரண்டு தடவை, தாள் உன்னிடம்தான் என்றார். சல்லடையைத் திறந்து சட்டையைப் பிழிந்தேன். தண்ணீர் கொட்டியது. எனக்குச் சிரிப்பாக வந்தது. மீன்காரர் தன் மூட்டையைக் கொட்டித் தேடி ஒரு பெரிய சட்டையைக் கொடுத்தார்.

வேனில் சார்ஜ் ஏறிப் போனுக்கு உயிர் வந்ததும் அக்காவை அழைத்தேன். பத்திரமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை.

"தையல் தாங்குச்சா?"

தாங்கியது என்றேன். பிறகு, குறியைத் துடைத்ததையும் சொன்னேன். ஏன் துடைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"லூசு. வெளிய போட்ட குறி பெட்டிக்குப் போறதுக்குள்ள அழிஞ்சிடும்டி. நாங்க எப்பவும் உள்ளயும் போடுவோம், நீ கவனிக்கல. திருப்பிப் பாத்தியா?"

மடியிலிருந்த பையைத் திருப்பினேன். அடியில், தாள்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், சாக்பீஸ் வட்டம். துளி கலையவில்லை.

"வட்டமா?" என்றாள்.

"வட்டம்."

"பின்ன என்ன. போனை வை, மேஸ்திரி வர்றான்."

பையை மறுபடி நேராக்காமல், உட்புறம் வெளியே தெரிகிற மாதிரியே மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த மீன்காரர் அது என்ன குறி என்று கேட்டார். எங்கள் அக்கா போட்டது என்று ஆரம்பித்து, வேன் ஊருக்குள் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.