இழுத்தும் வராத குச்சிகள்

தெற்குச் சரிவில் நட்ட ஆயிரத்து இருநூறு கன்றுகளில் ஒன்பது உயிரோடு இருந்தன. ஒன்பதையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். மற்றவற்றை வெயில் கொண்டுபோய்விட்டது.

வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை. எங்கள் வனத்துறையில் நடவுத் திட்டம் என்று ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது. எந்த மரம், எந்த வாரம், எத்தனை அடி இடைவெளி, எல்லாம் அதில் உண்டு. அவர் காலத்தில் அந்த வாரத்தில் மழை பெய்திருக்கிறது. இப்போது தன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. மழைக்கு அந்தப் புத்தகத்தை யாரும் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. ஆனால் நான்கு லாரிக் கன்று மட்டும் தேதி பிசகாமல் வந்து இறங்கும். நாங்களும் புழுதியில் நட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் தேடுவோம்.

நான் அந்தச் சரிவின் காவலர். பதினெட்டு வருடங்களாக அதில் ஏறி இறங்குகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அது பெரிய மரங்களோடு தீப்பிடித்து எரிந்த அன்று உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மறுபடி நட்டதில் பாதியாவது பிழைக்காவிட்டால், 'காடு வளரத் தகுதியற்ற நிலம்' என்று எழுதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கிய மறுநாள் அடிவாரத்துக் கல்குவாரிக்காரர் அதை விழுங்கிவிடுவார். மனு கொடுத்துவிட்டு ஒரு வருடமாக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார் மனுஷன்.

தணிக்கைக்கு வருகிறவர் இழுவை மேடம். அந்தப் பட்டம் நாங்கள் கொடுத்தது. மற்ற அதிகாரிகள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பச்சையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் குனிந்து ஒவ்வொரு கன்றாகப் பிடித்து இழுப்பார். வேர் இருந்தால் டிக். கையோடு வந்தால் நம் சீட்டு கிழிந்தது. இலையைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

தணிக்கைத் தேதி குறித்த தாள் வந்தது. என் மச்சினனைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. என்னிடமே தீக்காவலராக வேலை பார்க்கிறான், அதாவது சம்பளம் வாங்குகிறான்.

"மாப்ளே, சின்ன இலையா இருக்கிற மரமாப் பார்த்து கிளை வெட்டிட்டு வா. செத்த குழியில எல்லாம் குத்தி வச்சிடலாம்."

"அந்தம்மா இழுக்குமே மாமா."

"முதல்ல அந்த ஒன்பதையும் காட்டி இழுக்க விடறேன். அதுக்குள்ள களைச்சுப் போயிடும்."

இரண்டு பகல் முழுக்கக் குத்தினோம். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொரு குச்சி. இடுப்பு கழன்றுவிட்டது. கடைசிக் குச்சியைக் குத்தி நிமிர்ந்தபோது போன் வந்தது. மேடம் வேறொரு சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டதாம். தணிக்கை ஒத்திவைப்பு. தேதி பின்னர்.

மூன்றாம் நாள் குச்சிகளில் இருந்த இலையெல்லாம் சுருண்டு உதிர்ந்தது. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பார்த்தாலே நெஞ்சு வலித்தது. வடக்குச் சரிவு ரோந்தை நான் எடுத்துக்கொண்டு, தெற்கை மச்சினனுக்குக் கொடுத்தேன். தினமும் சுற்றியதாகப் பதிவேட்டில் எழுதினான். எந்த மரத்தடியில் படுத்துக்கொண்டு எழுதினான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம், புத்தகப்படி ஒரு சொட்டுகூட விழக்கூடாத மாதத்தில், பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது.

ஐந்து மாதம் கழித்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மேடத்தின் ஜீப் வந்து நின்றது. கைத்தடியோடு இறங்கினார். நானும் மச்சினனும் அழைத்துப் போனோம். வழியெல்லாம் நான் மனத்துக்குள் பொய்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். ஆடு மேய்ந்துவிட்டது, பன்றி கிளறிவிட்டது. வளைவு திரும்பியதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

சரிவு முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பச்சை.

மேடம் குனிந்து ஒன்றை இழுத்தார். வரவில்லை. அடுத்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை. நானும் என்னை மறந்து பக்கத்தில் இருந்ததைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க எதுக்கு இழுக்கறீங்க?"

"சும்மாதான் மேடம். உறுதியா இருக்கான்னு."

மச்சினனைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

முந்நூறு குழி எண்ணினார். பத்துக்கு ஏழு பிழைத்திருந்தது. இழுவை மேடத்தின் பல்லை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"பக்கத்து மூணு சரிவுக்கும் இதே கன்றையே இறக்கச் சொல்லிடறேன். இந்த வருஷமே. பன்னிரண்டு லாரி."

என் சரிவு தப்பித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் கன்று எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு நுனி தொங்கும், நாம் குடத்தோடு ஓடி வருவதற்குள் முடிந்திருக்கும். அதை இன்னும் மூன்று சரிவில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த மூன்றும் கடைசியில் குவாரிக்காரர் வாய்க்குத்தான் போகும்.

"மேடம், இது அந்தக் கன்று இல்லை" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

மேடத்தின் பல் மறைந்தது. "அப்போ இது என்ன மரம்?"

அது எனக்கே தெரியாது. "டேய், எங்கடா வெட்டினே?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "மேல ஏற அலுப்பா இருந்துச்சு மாமா. நம்ம குவார்ட்டர்ஸ் பின்னாடி வேலியில வெட்டினேன். அக்காகூட கத்துச்சே."

பதினெட்டு வருடங்களாக நான் துண்டு காயப்போடும் வேலி. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஒடித்துக் குத்தினால் தழைக்கும். வீட்டுப் பின்னால் அதை வைத்துக்கொண்டு நான் லாரிக்குக் காத்திருந்திருக்கிறேன்.

மேடம் எழுதியதை அடித்தார். "ஆயிரத்து இருநூறுக்கு ஒன்பது. உங்க மேல நடவடிக்கை எடுக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"வேலிக்குச்சி காடாயிடாது."

முழங்கால் வலித்ததோ என்னவோ, அப்படியே ஒரு குச்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். குச்சியின் அடியைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

குச்சியின் நிழலில் மூன்று முளைகள். விரல் நீளம், இரண்டிரண்டு இலை. நாங்கள் யாரும் நட்டதில்லை. குச்சியில் வந்து உட்கார்ந்த பறவைகள் போட்டுவிட்டுப் போன விதை. மேடம் பழக்கதோஷத்தில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அதை மட்டும் வேண்டாம் மேடம். இங்க தீயில போச்சே, அந்தப் பெரிய மரங்க. அந்த இனத்துப் பிள்ளைங்க இது."

அதிகாரியின் கையைப் பிடித்திருக்கிறோம் என்று உறைத்ததும் விட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இழுக்கலை. எண்ணறேன்."

நாலு காலில் தவழாத குறையாக அன்று மாலை வரை எண்ணினார். நடாமல் முளைத்ததை எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அதற்குள் எழுதிக்கொண்டார். நானூற்றுப் பதினேழு.

ஒரு மாதம் கழித்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. குழிகளில் குச்சியைக் குத்தி ஏமாற்ற முயன்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டது முதல் கடிதம். தெற்குச் சரிவை மூன்று வருடத்துக்குப் பட்டியலிலிருந்து நீக்கவோ தொடவோ கூடாது, பக்கத்து மூன்று சரிவிலும் மழை தொடங்கிய பின் அதே குச்சியை அதே ஆட்களே குத்த வேண்டும் என்றது இரண்டாவது. கீழே இழுவை மேடத்தின் கையெழுத்து. 'மழை தொடங்கிய பின்' என்ற வரியை நான் நான்கு தடவை படித்தேன்.

விளக்கக் கடிதம் இன்னும் எழுதவில்லை. மழை முந்திக்கொண்டு வந்துவிட்டதால், நானும் மச்சினனும் வேலியை வெட்டிக்கொண்டிருந்தோம். மனைவி கையைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நின்றாள்.

"மொத்தத்தையும் வெட்டிட்டீங்க. தெருவே இப்ப என் சமையலறையை எட்டிப் பார்க்குது."

"காட்டுக்குத்தானே" என்றேன்.

"நல்லா வளரட்டும். வளர்ந்ததும் அங்கிருந்து நாலு குச்சி ஒடிச்சுக்கிட்டு வந்து என் வேலியை நட்டுக் கொடுங்க" என்றாள்.