பக்கெட்டில் முங்கிய கியூபா

ஆடிக் காற்று வீசத் தொடங்கினால், தங்கச் சுரங்கம் மூடிப்போன பாலகாட்டில் எதையும் கழுவாமல் தொடமாட்டார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து கிளம்புகிற சாம்பல் நிற மண், ஜன்னலைச் சாத்தினாலும் சாவித் துவாரம் வழியாக உள்ளே வந்து அழைக்காத விருந்தாளி மாதிரி கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். தட்டு, தக்காளி, செருப்பு, எல்லாமே ஒரு முறை தண்ணீர் கண்டுதான் பயன்பாட்டுக்கு வரும். ஆகவே அந்த ஞாயிறு விடிகாலையில், ஜன்னலோரம் மண் பூசிக் கிடந்த தன் வெள்ளி ஃப்ளூட்டை வேந்தன் எடுத்துப் பக்கெட்டில் முக்கியது கை செய்த குற்றமே தவிர மூளை செய்ததல்ல. மூளை அப்போது கியூபாவில் இருந்தது.

முக்கிவிட்டு உடனே எடுத்திருந்தாலும் பரவாயில்லை. வால் பக்கம் கீழாக நிறுத்திவைத்துவிட்டு, நிதானமாகப் பல் தேய்க்கப் போனான்.

"இன்னாங்க," என்று ஷாலினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத தண்ணில போடலாமா?"

கியூபாவிலிருந்து மூளை ஒரே தாவலில் வீடு வந்து சேர்ந்தது.

ஃப்ளூட்டின் ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் மெல்லிய மெத்தை ஒன்று உண்டு. துளை காற்றுப் புகாமல் அடைபடுவது அதனால்தான். நனைந்தால் அது பூரி மாதிரி உப்பிவிடும். உப்பியிருந்தது. மேல்பாதி, அதாவது இடதுகைப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்து பிழைத்துக்கொண்டது. வலதுகைப் பக்கம் முழுக்க ஸ்ட்ரைக். ஊதிப் பார்த்தான். ஐந்து சுரம் வந்தது. மிச்சமெல்லாம் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம்.

"சரியாப் பூடுமா?"

"ரிப்பேர்க்காரன் நாளைக்குத்தான் கடை தொறப்பான்."

"நாளைக்கா?" என்றாள். இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும்.

ஞாயிறுதோறும் மத்தியானம் பெங்களூரு ரெஸ்டாரண்ட் ஒன்றில் ரோனியின் பேண்ட் லத்தீன் ஜாஸ் வாசிக்கும். வேந்தனோடு சேர்த்து ஐந்து பேர். அடுத்த மாதத்திலிருந்து நாலு பேர் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜெசிந்தா பாடகி, அவளை நீக்க முடியாது. துரை காங்கோ மேளம் அடிக்கிறவன், தாளம் இல்லாமல் லத்தீனே இல்லை. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் முதலாளிக்கு மைத்துனன். கீபோர்டு ரோனியுடையது. மிச்சக் கணக்கை வேந்தனே போட்டுப் பார்த்துவிட்டான். இன்றைய வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு என்று ரோனி சொன்னான். அதையும் "பாக்கலாம் மச்சி" என்ற இரண்டே சொற்களில் சொன்னான். வேண்டாம் என்று ஆகிவிட்டால் ஷாலினியின் அண்ணன் ஜெயகரன் ஆண்டர்சன்பேட்டையில் வைத்திருக்கிற டைல்ஸ் கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார ஆள் தேடுகிறான், நாளைக்குள் பதில் வேண்டும் என்கிறான். டைல்ஸ் நல்ல தொழில்தான். சாப்பிடுகிற இடத்தில் டைல்ஸைப் பார்த்து யாரும் கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க என்று சொன்னதில்லை.

வேந்தனின் கலை வாழ்க்கையை அவனே சொன்னால் இப்படித்தான் சொல்வான். ஊரிலிருந்த மைசூர் மைன்ஸ் சுரங்கத்தின் கிளப் ஹாலில் யாரோ விட்டுப்போன ஃப்ளூட், யாரோ கொடுத்த லத்தீன் கேசட். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, கியூபா எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்தான். தேவாலயக் கல்யாணங்களில் ச்சா-ச்சா டான்ஸ் மெட்டு வாசித்தான். கப்பலில் வேலை கிடைத்தது. பயணிகள் வாந்தி எடுத்த நேரம் போக மீதி நேரம் கேட்டார்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விளம்பரத்துக்கு ஒரு தடவை வாசித்தான். அந்த எண்ணெய் இப்போது வருவதில்லை. ஓட்டல் வரவேற்பறையில் மீன் தொட்டி பக்கத்தில் சில வருடங்கள். மீன்கள் மட்டும் கடைசிவரை இருந்து கேட்டன.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விக்கு அவனுக்குப் பதில் கிடைத்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்து ஷாலினியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "எப்படி வாசிச்சேன்?" அவள் ஒவ்வொரு தடவையும் "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?" என்பாள். வேறொரு பெண்டாட்டியாக இருந்தால் "சூப்பரு" என்று சொல்லி வேலையை முடித்திருப்பாள். ஷாலினிக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக பௌத்தம். வாரம் தவறாமல் விகாரையில் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்கிறவள். பொய் சொல்லமாட்டேன் என்பது அதில் நாலாவது. மற்றவர்கள் வாயால் சொல்வதை இவள் நிஜமாகவே கடைப்பிடித்துத் தொலைத்தாள். அவள் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்திருக்கும்போதெல்லாம் அவன் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். பசி இருக்காது.

அன்றைக்கு அவன் ஈர ஃப்ளூட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் வேறு சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"உங்க கூடத்தான்."

வாரத்தில் ஆறு நாள் அதே ரயிலில் பெங்களூரு ஆபீசுக்குப் போய்வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை அந்த ரயிலின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சபதம் செய்தவள். அதனாலேயே அவன் ரோனியின் மேடையில் வாசித்து அவள் பார்த்ததில்லை. வீட்டில் சாதகம் செய்வதைத்தான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். 'எழவு வீட்டுக்குத் துணைக்கு வருகிறாள்' என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பும் வந்தது. வழியெல்லாம் அவள் ஃப்ளூட்டை மடியில் வைத்து முந்தானையால் ஒத்திக்கொண்டே வந்தாள்.

மேடையில் ரோனி தலையை மட்டும் ஆட்டினான். வேந்தன் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அதுதான் ரோனிக்கு முடிவாகிவிடும்.

வழக்கமாக வேந்தன் தனி வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் கியூபா, பிரேசில் எல்லாம் போய் ஜோலார்பேட்டை வழியாகத் திரும்பி வந்துவிடுவான். ஐந்து சுரத்தை வைத்துக்கொண்டு பங்காருபேட்டைகூடத் தாண்ட முடியாது. துரையின் காங்கோ, பொலேரோ என்கிற மெதுவான கியூபா மெட்டுக்குள் இறங்க, அவன் முறை வந்தது. ஒரு சுரத்தை விட்டான். அடுத்தது எது என்று பயந்துபோய் நிறுத்தினான்.

நிறுத்திய இடத்தில் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சின்ன வயதில் மூடிப்போன சுரங்க ஷாஃப்டின் கம்பி இடுக்கு வழியாகக் கல்லைப் போட்டுவிட்டுக் காது வைத்துக் காத்திருப்பார்கள். கல் போய்க்கொண்டே இருக்கும். கீழே எந்த லெவலிலோ தண்ணீர் இருக்கிறது, எப்போதாவது சத்தம் வரும் என்கிற நம்பிக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சுரம் இப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மேசைகளின் அடியில், சூப் கிண்ணங்களின் அடியில், தரைக்கும் அடியில் போயிற்று. ஒரு குழந்தையின் ஸ்பூன் தட்டில் பட்டது. மேலே மின்விசிறி சுற்றியது. அடியாழத்து இருட்டில் எங்கோ தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது அவனுக்குக் கேட்டது. அதன் பிறகுதான் அடுத்த கல்லை விட்டான்.

மேசைகள் மிதப்பது போலிருந்தது. ரோனி விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். துரை காங்கோவை உள்ளங்கையால் தடவினான், அடிக்கவில்லை. கடைசி மேசையில் ஷாலினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் மேனேஜர் சுமா வந்து "சென்னாகித்து சார்" என்றாள். நன்றாக இருந்ததாம். பாயசத்தில் முடி கிடந்ததென்று திருப்பி அனுப்பியவரிடமும் அவள் இதையேதான் சொல்வாள்.

"இன்னா மச்சான், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான் துரை. "இப்பிடி நிறுத்தி நிறுத்தி வாசிச்ச. நானு நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்."

"ஆமாண்டா, கனவு கூட வந்துச்சு."

ரோனி ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். வேந்தன் பக்கத்தில் போய் நின்றான். "இன்னா ரோனி?"

ரோனி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வேந்தனின் தோளைத் தட்டினான். "பாக்கலாம் மச்சி," என்றான்.

திரும்புகிற ரயிலில் கூட்டமில்லை. பங்காருபேட்டை தாண்டியதும் சாயங்கால வெயில் பெட்டிக்குள் சாய்ந்து விழுந்தது. தூரத்தில் சைனைடு மேடுகள், கடலுக்குப் போகும் வழியில் தூங்கிப்போன யானைகள் மாதிரி, மஞ்சளாகப் படுத்திருந்தன. ஃப்ளூட் பெட்டி மறுபடி ஷாலினியின் மடியில்.

"ஜெயகரன் போன் பண்ணானா?" என்று கேட்டான்.

"ரெண்டு வாட்டி."

"டைல்ஸ் கடையில ஏசி கீதா?"

"கீது."

அப்படியானால் சரிதான் என்று சொல்ல நினைத்தான். வாய் வேறொன்றைச் சொன்னது. "ஷாலு, இன்னிக்காவது சொல்லு. எப்படி வாசிச்சேன்? சாப்பாடு எடுத்து வைக்கிறேன்னு மட்டும் சொல்லாத. இது ரயிலு. இங்க சாப்பாடு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கல் போய்க்கொண்டே இருந்தது.

"வீட்ல வாசிக்கிறது எனக்குப் புடிக்காதுங்க," என்றாள். "எப்பவுமே புடிச்சதில்ல. யாரோ தொரத்திகினு வர்ற மாதிரி ஒரே ஓட்டம். நானும் சமையக்கட்டுல கூடவே ஓடி, எனக்கு மூச்சு வாங்கும். இன்னிக்கு நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. ரோனி வெச்சிகினாலும் சரி, வெச்சிக்காட்டியும் சரி, ஜெயகரன் அண்ணன்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்."