இஸ்திரி போட்ட இரண்டரை ரூபாய்

1

பழைய நோட்டுக்கு மதிப்புச் சொல்ல சேலம் ஜில்லாவிலேயே தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான். பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். அதே தகுதியில் இன்னொன்றும் அறிவிக்கிறேன்: கதையைத் தேய்த்து மடிப்பெடுக்கும் கோழை எழுத்தாளன் நானல்ல. இதில் அடித்ததும் திருத்தியதும் அப்படியே கிடக்கும்.

கதை கிடைத்த இடம் ஓசூர் சந்தை. நயா பைசா வந்து அணா செத்த வருடம். சூளகிரிச் சம்பங்கி மாமாவுக்கு ஒரு காளையும் செத்துவிட்டது. விதைப்புக்குள் இன்னொன்று வாங்க நாற்பது ரூபாய் குறைந்தது. வீட்டில் இருந்ததோ அவர் அப்பா காலத்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு, ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்டது. அந்த மாதிரி நோட்டுகளை வாங்க பெங்களூர் திம்மராயன் சந்தைக்கு வருவார் என்று கேள்வி.

2

கிழக்கு வெளுக்க, சூளகிரி மலைமேல் செங்கதிர்...

(இல்லை. மாமா, அத்தை, நான் மூவரும் களி தின்றுவிட்டுக் கிளம்பும்போதே உச்சிவெயில்.)

3

திம்மராயன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். [பணத்தை முகரும் பாடம் எங்கள் கல்லூரியில் இல்லை.]

"இதுக்குக் கஞ்சி போட்டது யாரு?"

"நான்தாங்க," என்றாள் மாமாவின் மனைவி மாதம்மாள் அத்தை. "நாலா மடிச்சுக் கசங்கிக் கெடந்துச்சு. அலசி, கஞ்சி போட்டு, தேச்சுட்டேன். அப்பளமாட்டம் நிக்குது பாருங்க."

"கசங்கினபடியே வந்திருந்தா நாப்பது குடுத்திருப்பேன் தாயி. அழுக்கு இருக்கலாம், மடிப்பு இருக்கலாம். திருத்தினா போச்சு. இப்ப மூணு ரூபா."

"கடையில குடுத்தா?" என்றார் மாமா.

"கடையில செல்லவே செல்லாது."

நான் சிரித்துவிட்டேன். நோட்டுக்கு இஸ்திரி போடும் குடும்பம் வேறெங்கே உண்டு?

"சிரிடா," என்றாள் அத்தை. "நீ எழுதற கதைக்கு எத்தன படி கஞ்சி ஊத்துனாலும் நிக்காது."

மாமா சிரிக்கவில்லை. மாடுகள் கட்டியிருந்த பக்கம் பார்க்காமல் நின்றார்.

4

முடிவுகள்:

அ) திம்மராயன் மனமிரங்கி... (இரங்குகிறவர் பழைய நோட்டு வாங்க வரமாட்டார்.)

ஆ) ஒற்றைக் காளையோடு மாமாவே நுகத்தடியில் தோள்கொடுத்து... (வேண்டாம். அழுதால் நான் பொறுப்பில்லை.)

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவைத்திருந்தேன். நேற்று அத்தை வந்தாள். மாமா நோட்டை விற்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரின் காளை ஓய்ந்திருக்கும் நாளில் அதை இரவல் வாங்கி உழுகிறார். பாதிக் காடு தரிசாகக் கிடக்கிறது.

"உன் கதையில எங்களுக்கு மாடு வந்துச்சாடா?"

"நாளைக்குப் படிச்சுக் காட்டறேன் அத்தை."

அவளுக்காக வேறு தாளில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன், அடித்தல் திருத்தல் தெரியாமல். அதில் திம்மராயன் நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். மாமா கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். காளை செவலையா, மயிலையா? சீக்கிரம் சொல்லுங்கள்.