விற்றது எப்போது விற்றதாகும்?

மெத்தைக் கம்பெனியில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். விற்பனை மேலாளர் அவளுடைய வீட்டுக்காரர். ஆகவே ஆபீஸ் சண்டை வீட்டுக்கும் வீட்டுச் சண்டை ஆபீசுக்கும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது: ‘ஒரு மாதம் படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்.’ ஆண்டுக் கணக்கு முடியும் நேரத்தில், ஒரு பெரிய தங்கும் விடுதிக்கு லாரி நிறைய மெத்தை அனுப்பிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

கணக்கம்மா அப்போது கம்பெனியின் கணக்குக் கொள்கைகளை எழுதிக்கொண்டிருந்தாள். எந்த வரவை எப்போது வரவாக எடுத்தோம், சரக்குக்கு என்ன விலை வைத்தோம் என்று நிதி அறிக்கையைப் படிப்பவர்களுக்குச் சொல்லும் பக்கங்கள் அவை.

“விடுதிக்குப் போனது இந்த வருஷ விற்பனையில வராதுங்க.”

“வராதா? லாரி போச்சே! நானே கையாட்டி அனுப்பினேனே!”

“திருப்பித் தரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? கெடு முடியற வரைக்கும் அது விக்கல. இரவல் போயிருக்கு, அவ்வளவுதான்.”

“மச்சான், உங்க தங்கச்சி பேசறதைக் கேட்டீங்களா?”

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு போன் பண்ணணும்” என்று நழுவிவிட்டார்.

வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரர் மகளிடம், “உங்கம்மாகிட்ட உப்பு கேளு” என்றார். உப்பு அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

‘கெடு முடிந்தால்தான் விற்பனை’ என்று எழுதிய ஒரு வரியை அழித்தால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று கணக்கம்மாவுக்கும் தோன்றாமலில்லை. கம்ப்யூட்டரில் அந்த வரிவரை போய்விட்டாள். விரல் இறங்கவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். மூவரும் ஆபீசில் இருக்கும்போது விடுதி மேலாளர் வீட்டுக்காரரை போனில் பிடித்தார். அவர் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

“சார், உங்க மெத்தையை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க!”

“ஏன் சார், முதுகு வலிக்குதாமா?”

“வலிச்சாத் தேவலையே! படுத்தவங்க எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. ரூமைக் காலி பண்ணுங்கன்னு கதவைத் தட்டித் தட்டி எங்க ஆளுங்களுக்குக் கை வீங்கிப்போச்சு!”

முதலாளி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போயிருந்தது. கணக்கம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

“அவ்வளவு நல்ல மெத்தைங்க நம்மளது” என்றாள்.

“அதைக் கணக்குல எழுத முடியுமா?”

“முடியாது.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம் தணிக்கையாளர் வந்தார். கொள்கைப் பக்கத்தைப் புரட்டியபடி, “மெத்தை வெளிய போன உடனே ஏன் விற்பனையா எடுக்கல?” என்று கேட்டார்.

கணக்கம்மா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “அதெப்படி சார் எடுக்கறது? கெடு முடியணும்ல? ஆரம்பத்துலேர்ந்து நான் தலைபாடா அடிச்சுக்கறேன்!”

“ரொம்பச் சரி” என்று தணிக்கையாளர் மெச்சினார். காபி குடித்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புரையேறியது. கணக்கம்மா முகத்தில் சலனமே இல்லாமல், மேஜைக்கடியில் வீட்டுக்காரரின் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள்.